புகையானும் நெல்லின் மரபும்

தழைத்து நின்ற நெல்வயல் சில நாள்களுக்குள் தீப்பட்டதுபோல் வட்டவட்டமாகக் கருகிவிடுவதுண்டு. பயிரின் அடித்தண்டில் கூட்டங்கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சியின் வேலை அது. தமிழ்நாட்டு உழவர் அதனைப் புகையான் என்பர். அதனை எதிர்க்கும் ஆற்றல் நெல்லுக்கு எவ்வாறு வழிவழியாக வருகிறது என்பதை ஆராய்ந்த வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

1960இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அது 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல் விளைச்சலைப் பெருக்கியது. நெருங்கித் தூர்கட்டிய பயிரும், மிகுதியாக இட்ட தழைச்சத்து உரமும், ஓயாத நடவும் புகையானுக்கு விருந்தாயின. முன்பு சிறு தொல்லையாக இருந்தது பெருங்கேடாயிற்று.

அந்நிலையத்துப் பூச்சியியல் அறிஞர் பதக்கும் அவருடன் உழைத்தோரும் பல நாட்டு நெல்லினங்களைத் தட்டுகளில் விதைத்து, நாற்றுகளின்மேல் பூச்சிகளை விட்டனர். தாங்காதவை மடிந்தன. இந்திய நெல்லாகிய முட்கோ பசுமை மாறாமல் நின்றது. பூச்சி அதில் ஊசிவாயைச் செலுத்தியதே அன்றி, வயிறார உண்ணவில்லை! முட்கோவின் சாற்றில் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் குறைவாக இருப்பதை 1970இல் சோகாவாவும் பதக்கும் எடுத்துக்காட்டினர்.

அடுத்த ஆண்டு அத்வால் குழுவினர் மரபுக் கணக்கை வெளியிட்டனர். முட்கோவைத் தாங்காத இனத்தோடு கலந்தபோது முதல் தலைமுறை முழுவதும் தாங்கியது. இரண்டாம் தலைமுறையில் நான்கில் மூன்று பங்கு தாங்கியது. பட்டாணியில் மெண்டல் கண்ட அதே கணக்குத்தான். அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7 நெல்லிலோ கணக்குத் தலைகீழாயிற்று. முதல் தலைமுறை தாங்கவில்லை. இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கே தப்பியது. முன்னதிலுள்ள ஓங்கு மரபணுவுக்கு பி.பி.எச். 1 என்றும், பின்னதிலுள்ள ஒடுங்கு மரபணுவுக்கு பி.பி.எச். 2 என்றும் பெயரிட்டனர்.

இவற்றினும் வியப்புக்குரியது தமிழ்நாட்டுத் திரூர்குப்பத்து டி.கே.எம். 6 நெல்லின் கதை. குருத்துப்பூச்சியைத் தாங்கும் என்பதற்காகவே அதனை இனக்கலப்பில் சேர்த்தனர். புகையானுக்கு அது இரையாகும் நெல். ஆயினும் அதன் வழித்தோன்றல்கள் சில புகையானைத் தாங்கின! டி.கே.எம். 6 நெல்லில் பி.பி.எச். 1 இருந்தும், அதனை அடக்கும் வேறொரு மரபணுவும் உடனிருந்தது என்று மார்ட்டினெசும் குஷும் 1974இல் விளக்கினர். அடக்கும் கூறு நீங்கிய பிள்ளைகளில், பெற்ற நெல்லில் வெளிப்படாத ஆற்றல் வெளிப்பட்டது. தலைமுறை தலைமுறையாக விதைநெல்லைக் காத்துவந்த உழவர் எவரும் தம் குதிருக்குள் இப்படியொரு பொருள் ஒளிந்திருந்ததை அறிந்திருக்க வழியில்லை.

அவ்வழி வந்த ஐ.ஆர். 26 நெல் 1973இல் வெளியாயிற்று. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் சில ஆண்டுகளுக்குள்ளேயே புகையான் அதனையும் தின்னத் தலைப்பட்டது. மரபு நெல்லுக்கு மட்டும் உரியதன்றே. அந்நெல்லை உண்டு பிழைக்கவல்ல சில பூச்சிகளின் வழித்தோன்றல்களே பெருகின. 1976இல் பி.பி.எச். 2 கொண்ட ஐ.ஆர். 36 கைகொடுத்தது. மருந்து தெளித்தோர் பூச்சியை உண்ணும் சிலந்திகளையும் கொன்று கேட்டை வளர்த்தனர். அதனால் இந்தோனேசிய அரசு 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்வயலில் தடைசெய்தது.

அத்வால் குழுவினர் கண்ட இரு மரபணுக்களும் அவர்கள் செய்த கலப்பில் பிரிந்து வரவில்லை. அதன் காரணம் 2016இல் சீன ஆய்வாளர்களால் தெளிவாயிற்று: அவை ஒரே மரபணுவின் இரு வடிவங்கள். இதுவரை புகையானை எதிர்க்கும் மரபணுக்கள் நாற்பதுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. கேரளத்துப் பட்டாம்பியின் பழைய நெல்லாகிய பி.டி.பி. 33 இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை உடையது. சோதனைத் தட்டுகளில் மற்ற இனங்களை ஒப்பிட்டுப் பார்க்க இன்றும் அதனையே விதைக்கின்றனர்.