மணலில் தொடங்கிய எழுத்து

ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்தில் தமிழ்க் குழந்தை தன் முதல் எழுத்தை மணலில் எழுதியது. ஓலையில் எழுதுவது பெரியவர்களுக்கே பழக்கம் தேவைப்படும் கைவேலை. ஓலையை இடக்கையில் தாங்கி, இடக் கட்டைவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் எழுத்தாணியைச் சார்த்தி, வலக்கையால் கீற வேண்டும். அழுத்தினால் ஓலை கிழியும். தளர விட்டால் கீறல் பதியாது. ஓலை துளைபடும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியைக் கூடப் பலர் விட்டுவிட்டே எழுதினார்கள். கூர்மையான அந்த இரும்பை ஐந்து வயதுக் கையில் கொடுப்பதற்கில்லை. சலித்த ஆற்று மணலைத் தரையில் பரப்பினால் சுட்டுவிரலே எழுத்தாணி ஆகிவிடும். செலவு இல்லை, காயம் இல்லை. தவறாக எழுதியதை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, உடனே மறுபடி எழுதலாம்.

எழுத்துப் பயிற்சி தொடங்கிய நாள் வீட்டுச் சடங்காகவே நடந்தது. விசயதசமி நாளில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, மடியில் அமர்த்திய குழந்தையின் விரலைப் பிடித்து ஒரு பெரியவர் எழுதுவிப்பார். ஏடு தொடங்குதல் என்ற இந்த வழக்கம் யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் இன்றும் உண்டு. மறுநாள் முதல் அரிசியின் இடத்தில் மணல் வரும். ஆசிரியர் மணலில் எழுத்தை வரைந்து காட்டுவார். குழந்தை அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்று உரக்கச் சொல்லும். கண் வடிவத்தைப் பார்க்கிறது, விரல் அதன் வளைவை உணர்கிறது, வாய் அதன் பெயரைச் சொல்லுகிறது, காது கேட்கிறது. இந்த நான்கும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இம்முறையின் உயிர். விரல் பழகிய பிறகே ஓலை வந்தது. அப்போதும் முதலில் ஆசிரியர் கீறிக் கொடுத்த எழுத்தின் மேலேயே பிள்ளை எழுத்தாணியை ஓட்டிப் பழகும்.

இந்தப் பயிற்சி நடந்த இடமும் கவனிக்கத் தக்கது. திண்ணை என்பது வீட்டின் ஒரு பகுதி. வாத்தியாரின் வீட்டுத் திண்ணையிலோ, ஊரில் வசதியுள்ள ஒருவரின் திண்ணையிலோ பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடினால் அது பள்ளிக்கூடம். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே அக்காலத்தில் கோடு கிழிப்பது எளிதல்ல. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு எடுத்த கல்விக் கணக்கில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிகிறது. மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826இல் அவர் எழுதிய குறிப்பு சொல்கிறது. சென்னை நகரில் மட்டும், பள்ளியில் படித்தவர்களைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு பிள்ளைகள் வீட்டிலேயே படித்ததாக ஆட்சியர் கணக்குக் கொடுத்தார். இந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயப்பட்டார். ஆனால் தந்தையிடமோ மாமனிடமோ வீட்டில் படிப்பது அன்று பொதுவான வழக்கம் என்பதில் அவருக்கும் ஐயமில்லை.

எழுத்துக்கு மணல் என்றால் கணக்குக்குப் புளியங்கொட்டை. சமையலறையில் மிஞ்சும் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தால் எண்ணவும் கூட்டவும் பங்கிடவும் போதிய பொருள் கிடைத்துவிடும். தரையில் பெரிதாக வரைந்த எழுத்தின் மேல் அவற்றை வரிசையாக அடுக்கவும் செய்யலாம். அதே கொட்டைகளைக் காய்களாக வைத்து ஆடும் பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். ஒரு குழியில் எடுத்த காய்களை அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்பதைப் பழகிய பிள்ளை, காயை எடுக்கும் முன்பே மனத்தால் கணித்துவிடும். குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். ஆகவே ஆட்டம் முழுவதும் கண் நான்கை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும்.

அளவைகளைக் கற்பித்தது அடுக்களை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால். பாத்திரத்தின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் இந்த இரட்டிப்பு வரிசை பெரும்பாலும் மாறாதது. அரிசியை உழக்கால் அளந்து நாழியில் கொட்டிப் பார்த்த குழந்தைக்கு நான்கில் ஒன்று என்றால் என்ன என்று தனியே விளக்க வேண்டியதில்லை. திண்ணையில் மனப்பாடம் செய்த எண்சுவடி இந்த அனுபவத்தின் மேல்தான் நின்றது. அதில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற வாய்பாடுகள் இருந்தன. பொன்னிலக்கம் எண்களின் வரிசை. நெல்லிலக்கம் தானிய அளவைகளின் வரிசை. அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரை பின்னங்கள் நீண்டன. களத்தில் நெல்லைப் பங்கிடவும் நிலத்தை அளக்கவும் வரியைக் கணிக்கவும் இவை தேவைப்பட்டன. தமிழ் எண்சுவடிகளை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, இந்தக் கணக்கைத் தொழிலோடும் நிலத்தோடும் பிணைந்த அறிவாகவே பார்க்கிறார்.

இம்முறையைப் புகழ மட்டும் செய்தால் வரலாறு ஆகாது. மணலும் புளியங்கொட்டையும் எல்லா வீட்டிலும் இருந்தன. எழுத்து எல்லா வீட்டுக்கும் போகவில்லை. திண்ணையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குத் திண்ணையின் மேல் இடமே இல்லை. வாத்தியாரின் பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் பலருடைய நினைவில் பயமாகப் பதிந்துள்ளன. தாம் பயின்ற திண்ணைப் பள்ளிகளின் நடைமுறைகளை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் பதிவுசெய்துள்ளார். பொருள் தெரியாமலே நூல்களை நெட்டுருப் போடும் வழக்கமும் அன்று இருந்தது. கையால் கற்பதெல்லாம் தொடக்க ஆண்டோடு முடிந்து, பிறகு நாவும் நினைவுமே வேலை செய்தன.

பெண் குழந்தைகளின் கைப்பயிற்சி வாசலில் நடந்தது. கோலப்பொடியை இரு விரலால் சீராக இழைய விடுவது, மணலில் எழுத்தைப் பழகுவதைவிடக் கடினமான விரல் வேலை. புள்ளிக் கோலத்தில் வரிசையும் எண்ணிக்கையும் சமச்சீரும் ஒருசேர வேண்டும். சிக்குக் கோலத்தில் இழை எங்கும் அறுபடாமல் எல்லாப் புள்ளிகளையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1974இல் கோல வடிவங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அத்தகைய கணித ஒழுங்கைத் தாயின் அருகில் குந்தியிருந்து கற்ற பெண்களில் பெரும்பாலோருக்கு, அதே விரலால் தம் பெயரை எழுதும் வாய்ப்பு பல நூற்றாண்டுகளாகக் கிடைக்கவில்லை. தமிழ்க் கல்வி வரலாற்றின் பெரிய இழப்பு இது.

மணலில் எழுதும் வழக்கத்தை வெளிநாட்டார் நெடுங்காலமாகவே வியந்து எழுதியிருக்கிறார்கள். இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டில், இக்கேரிக்குச் செல்லும் வழியில், ஒரு கோயிலின் முன் சிறுவர்கள் நால்வர் ஒன்றாக இராகமிட்டுச் சொல்லிக்கொண்டே தரை மணலில் விரலால் கணக்கு எழுதியதைக் கண்டார். அவருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அதைப் பார்த்த இன்னொருவர், பார்த்ததோடு நில்லாமல் தம் நாட்டுக்கே எடுத்துச் சென்றார்.

அவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசில் பிறந்த இந்தப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்து, 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கண்டார். அந்நாளைய ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இல்லத்துக்குத் திரும்பியதும் கடைசி வகுப்புக்கு இப்படியே எழுத்துக் கற்பிக்கச் சொன்னார். பொறுப்பிலிருந்த துணை ஆசிரியர் அது முடியாது என்றார். பெல் அந்த வேலையை ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் கொடுத்தார். ஆசிரியர் கைவிட்டதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறை பெல்லின் கையில் இவ்வாறு உருப்பெற்றது. திண்ணையில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை அதைத்தான் காலங்காலமாகச் செய்துவந்தார்.

பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கை இதைச் ‘சென்னை முறை’ என்ற பெயரால் பரப்பியது. 1798இல் சதர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் மணலை ஏற்றார். அவருடைய பள்ளிகளில் சிறு பிள்ளைகளுக்கான மேசைமேல் மணற்பலகை இருந்தது. அதில் மெல்லிய மணற்படலத்தில் எழுதினால் அடியிலுள்ள கறுப்புப் பலகை எழுத்தாகத் தெரியும். கண்காணிக்கும் மூத்த மாணவன் அதைச் சமன்செய்ய, அடுத்த எழுத்து தொடங்கும். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் அமைந்த தேசியச் சங்கம் பெல்லின் முறையில் நாடெங்கும் பள்ளிகள் திறந்தது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூசில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். ஆனால் கடல் கடந்தபோது மணலின் பொருள் மாறிவிட்டது. இங்கிலாந்தில் அதை விரும்பியதற்கு முதற்காரணம் சிக்கனம்: காகிதம் வேண்டாம், இறகுப் பேனா வேண்டாம், ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரைச் சமாளிக்கலாம். விரலைப் பிடித்து எழுதுவிக்கும் பெரியவரின் நெருக்கம் அந்தக் கூடங்களில் இல்லை. கல்பலகை மலிவானதும் மணல் மறைந்தது. தமிழ்நாட்டிலும் 19ஆம் நூற்றாண்டில் சிலேட்டும் பலப்பமும் வந்து மணலை ஓரங்கட்டின.

சிறு குழந்தை கையால் கற்கிறது என்பதை ஐரோப்பா தனக்கே உரிய வழியில் மீண்டும் கண்டடைந்தது. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் 1837 முதல் பந்து, உருளை, கனசதுரம் போன்ற விளையாட்டுப் பொருள்களை வரிசைப்படுத்தினார். 1844இல் வீட்டில் தாய்மார் கைக்குழந்தையோடு விளையாடுவதற்கான பாட்டு நூலையும் வெளியிட்டார். ரோமில் மருத்துவராகப் பயின்ற மரியா மாண்டிசோரி, பிரெஞ்சு மருத்துவர்களான ஈத்தார், செகன் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து தொடங்கி, 1907 ஜனவரி 6 அன்று சான் லொரென்சோ குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை வழவழப்பான அட்டையில் ஒட்டி, குழந்தை இரு விரலால் அதைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லச் செய்தது அவர் கண்ட வழி. தமிழ் மணலுக்கும் இந்த உப்புத்தாளுக்கும் இடையே நேரடித் தொடர்பு கிடையாது. வெவ்வேறு வேரிலிருந்து வந்த இரண்டும் குழந்தையின் விரல் நுனியில் ஒன்றாகின்றன.

1939 நவம்பரில் மாண்டிசோரி அடையாறுக்கே வந்துவிட்டார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் ஆசிரியர் பயிற்சி நடத்த அவரை அழைத்திருந்தார்கள். ஏறத்தாழ 300 பேர் அந்தப் பயிற்சியில் சேர்ந்தார்கள். வகுப்புகள் ஓலைக் கொட்டகைகளில் நடந்தன. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவரும் மகன் மரியோவும் எதிரி நாட்டார் ஆனார்கள். மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டு 31 அன்று தாயின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி வைஸ்ராய் அவரை விடுவித்தார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். பல வயதுப் பிள்ளைகள் கலந்து பயின்ற சிறு பள்ளி அங்கே நடந்தது. மலையின் செடிகளும் பூச்சிகளும் நீரோடைகளும் பாடப் பொருள்களாயின. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன அந்தப் பணியில் துணைநின்றார். இயற்கையையும் மனித வரலாற்றையும் ஒன்றாகக் காட்டும் பாடத்திட்டம் அங்கே வளர்ந்தது. குழந்தையின் உள்வாங்கும் மனத்தைப் பற்றிய மாண்டிசோரியின் புகழ்பெற்ற நூல் 1949இல் அடையாறிலிருந்து வெளிவந்தது.

மாண்டிசோரியின் பொருள்கள் நுட்பமானவை. அதனாலேயே விலை கூடியவை. சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் அவை பெரும்பாலும் தனியார் பள்ளிகளில், கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே கிடைத்தன. ஏழைக் குழந்தைகளுக்கான ஏற்பாடு வேறு வழியில் வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் சத்துணவோடு முன்பருவக் கல்வியையும் ஏற்றன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டைகளும் கற்றல் ஏணியும் அதற்கு முன்மாதிரி. 2007 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, தத்தம் வேகத்தில் அட்டையை எடுத்துச் செயலை முடித்து, ஏணியின் அடுத்த படிக்குப் போனார்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரின் கீழ்ப்பகுதி கரும்பலகை ஆனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் எழுத இடம் ஒதுக்கப்பட்டது.