பழையனூர் நீலி வழக்கு

திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டை ஒட்டியுள்ள பழையனூரில் நடந்ததாக வழங்கும் தொன்மக் கதை. ஊரவை முன் ஒரு பெண் தன் கணவன் மீது தொடுத்த வழக்காக அமைந்திருப்பதால், பழங்காலத்தில் மனைவியின் முறையீட்டை ஊர் எப்படிக் கேட்டது என்பதை ஊகிக்க உதவுகிறது.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. முற்பிறவியில் மனைவியைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். கொலையுண்டவள் நீலி என்னும் பேயாகி அவனைத் தொடர்கிறாள். அவன் கையில் மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபது பேரிடம் போய், தன்னைப் புருஷனோடு சேர்த்துவைக்கும்படி அழுகிறாள். குழந்தை 'அப்பா' என்று வணிகனிடம் தாவுகிறது. அவைக்கு அந்தச் சாட்சியே போதுமானதாகிறது. வணிகன் அலறியும் வாளை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாகச் சொல்லி, இருவரையும் ஓரிடத்தில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீக்குளிக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்நிகழ்ச்சிக்குக் குறிப்பு உண்டு.

சைவ மரபு இதை வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகப் போற்றும். வழக்காகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அவை விசாரித்தது இல்லறத்தை மட்டுமே. பெண்ணின் கொலை எந்த அவைக்கும் வரவில்லை. பிணையும் ஆணின் உயிருக்குத்தான். கொலையுண்டவளின் பெயரால் நமக்கு மிஞ்சியதோ 'நீலிக் கண்ணீர்' என்ற ஏச்சு.

கதையை விட்டுக் கல்வெட்டுக்கு வந்தால் படம் சற்று மாறும். சோழர் காலப் பெண்கள் நிலம் வைத்திருந்தார்கள், விற்றார்கள், கோயிலுக்குப் பொன்னும் விளக்கும் கொடுத்தார்கள். ஆனால் பிராமணப் பெண்கள் நிலம் விற்கும்போது 'முதுகண்' என்ற ஆண் காப்பாளர் உடன் நிற்பதைப் பல கல்வெட்டுகளில் காணலாம். பண்டைய ஏதென்ஸில் 'கூரியோஸ்' என்ற ஆண் காப்பாளருக்கும் ஏறத்தாழ இதே வேலை.

பழையனூரையே திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையாக எழுதித் தந்தவை, முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடுகள். 1905இல் கிடைத்த அந்த 31 ஏடுகளில், சுந்தர சோழன் இறந்ததும் இராசராசனின் தாய் வானவன் மாதேவி உடன் உயிர்நீத்த செய்தியும் இருக்கிறது. தேவமகளிர் கணவனைக் கவர்ந்துகொள்வார்களோ என்று அஞ்சிப் பின்தொடர்ந்தாள் என்பது செப்பேடு கூறும் காரணம்.