இனிப்பு நீரும் இளம் பிள்ளைகளும்

மந்தின் பக்கத்துத் தோட்டங்களில் "இனிப்பு நீர்" என்னும் பெயரைக் கேளாத வீடு அரிது. வயது சென்றவர்களிடம் அது அவ்வளவு சாதாரணமாகிவிட்டபடியால், ஆளுக்கொரு பத்தியமும் வீட்டுக்கொரு கஷாயமும் சொல்லப்படுகின்றன. ஆனால் அதே பெயருடைய வேறொரு வியாதி சிறு பிள்ளைகளைப் பற்றுங்கால், அந்தப் புத்திமதியே எமனாக முடிகின்றது. தோட்டத்துக் கிராணி வேலையிலிருக்கும் நமக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் வந்து சேர்கின்றது. அப்போது பெற்றோர் கேட்பது ஒன்றே: "ஊசியை எப்போது நிறுத்தலாம்?" இதற்கு விடை கூற வேண்டுமானால், அவ்வியாதியின் சரித்திரத்தையே கூற வேண்டியதாயிருக்கிறது.

வியாதி இரண்டு வகை என்பது புதிய சங்கதியன்று. பழைய சுசுருத சம்ஹிதை, பிறவியில் வருவது என்றும், தகாத ஆகாரத்தால் வருவது என்றும் இதனை இரண்டாகப் பிரித்தது. முன்னதில் நோயாளி மெலிந்து தாகத்தால் வருந்துவான், பின்னதில் பருத்த உடலுடன் மிகுதியாக உண்டு உறக்கத்தை விரும்புவான் என்றது. இதைக் கொண்டு, நம் முன்னோர் அறியாததே இல்லை என்று மார்தட்டப் புறப்படுவோர்க்கு ஒரு வார்த்தை. வேற்றுமை கண்டார்கள், காரணமும் காணவில்லை, பிள்ளையைப் பிழைக்க வைக்கும் மருந்தும் காணவில்லை.

காரணம் மெல்ல மெல்லவே வெளிப்பட்டது. 1869-ல் ஜெர்மானிய மாணவர் லாங்கர்ஹான்ஸ் என்பார், கணையத்தில் தீவுகள் போன்று கிடக்கும் சிறு சிறு உயிரணுக் கூட்டங்களைக் கண்டார். 1889-ல் மேரிங், மின்கௌஸ்கி என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்தெடுத்தபோது, அந்நாய்க்கு இனிப்பு நீர் உண்டாயிற்று. கணையத்தில் ஏதோவொன்று சுரக்கிறது, அது அற்றுப்போனால் உடல் சர்க்கரையைப் பயன்படுத்த மாட்டாது என்று விளங்கிற்று. ஆயினும் அதை எடுத்துக் கொடுக்கும் வழி பிறக்கவில்லை. அமெரிக்க வைத்தியர் ஆலன் என்பார் கண்ட முறை, பிள்ளைகளைப் பட்டினியிடுவதே! அதனால் சில மாதங்களோ ஓரிரு வருஷங்களோ ஆயுள் நீண்டது. எலும்புக் கூடாகிப் பிழைத்திருப்பதா, உண்டு சாவதா என்பதே அக்காலத்துத் தாய்மாருக்கு முன்னிருந்த கேள்வி.

கனடாவில் டொராண்டோ நகரத்தில் 1921-ல் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர், மக்லியாட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், நாய்களின் கணையத்திலிருந்து அச்சாரத்தைப் பிரித்தெடுத்தனர். 1922-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. அப்போது அவன் எடை சுமார் 65 ராத்தல். முதல் ஊசி பலிக்கவில்லை. மருந்து சுத்தமாயில்லாததால் ஊசியிட்ட இடம் சீழ்க்கட்டியாயிற்று. காலிப் என்னும் இரசாயன நிபுணர் அதனைச் சுத்தி செய்து கொடுக்க, ஜனவரி 23-ந் தேதி மறுபடியும் தொடங்கினர். சிறுநீரில் சர்க்கரை பெரும்பாலும் மறைந்தது. தாம்சன் மேலும் 13 வருஷம் வாழ்ந்து, 1935-ல் நிமோனியாவால் இறந்தான். அம்மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் வீதம் பெற்றுக்கொண்டு டொராண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். மருந்தை மறைத்து வைத்துப் பரம்பரை இரகசியமென்று விற்பவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

1936-ல் ஹிம்ஸ்வொர்த் என்ற ஆங்கில வைத்தியர், இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படும் நோயாளிகள் ஒரு சாரார், கட்டுப்படாதார் மற்றொரு சாரார் என்று பரீட்சித்துக் காட்டினார். சுசுருதர் நோயாளியின் உடலைப் பார்த்துப் பிரித்ததை இவர் அளந்து பிரித்தார் எனலாம். பிற்பாடு 1974-ல், முதல் வகையினரின் இரத்தத்தில் அத்தீவுகளையே எதிர்க்கும் பொருள்கள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே தன் சொந்தக் கணையத்தைத் தாக்கிவிடுகின்றது! பிள்ளை மிட்டாய் தின்றதாலன்று. தாய் கர்ப்பத்தில் எதையோ உண்டதாலுமன்று. பூர்வ ஜன்ம பாவமோ கண்ணேறோ அன்று.

சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் இவ்வியாதிக்கென்றே தனிப்பிரிவு தொடங்கினார். தமிழர் அறியாத வைத்தியமன்று இது.

ஆகவே ஊசியை நிறுத்துவதென்பது, பிள்ளையை 1921-க்கு முந்திய காலத்துக்கு அனுப்புவதேயாகும். பெரியவர்களிற் பலர் பத்தியத்தாலும் மாத்திரையாலும் நாளோட்டலாம். கணையத்தில் சற்றேனும் சுரப்பு அவர்களுக்குண்டு. முதல் வகைப் பிள்ளைக்கு அது இல்லை. ஊசி நின்ற சில நாட்களில் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த பெருமூச்சு, மூச்சில் பழ வாடை ஆகியவை தோன்றி மயக்கத்தில் முடியும். காய்ச்சலில் உணவு செல்லாவிட்டாலுங்கூட இன்சுலினை அடியோடு நிறுத்தலாகாது. அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். திடீரென்று பிள்ளை மெலிவதும், ஓயாத தாகமும், விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் வருவதும் கண்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விரலில் ஒரு துளி இரத்தம் பார்க்கச் சொல்லலாம்.

இன்சுலின் உறையவும் ஆகாது, வெயிலில் வேகவும் ஆகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் பரப்பிய மண்பானை ஒருவாறு உதவும்.

இன்னொன்று. ஊசி போட்டபின் உணவு தவறினாலோ ஓடியாடினாலோ இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் உண்டாகும். அப்போது, நினைவிருக்கும் பிள்ளைக்குச் சர்க்கரையே மருந்து. இதைப் பள்ளி ஆசிரியர்களும் அறிந்திருத்தல் வேண்டும். இனிப்பு நீர்ப் பிள்ளையின் சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலத்தைக் கண்டு, நன்மை செய்வதாக எண்ணிப் பிடுங்கி வைப்பவர் உண்டு.