இலை மாவுச்சத்து நொதிகள்

பகலில் இலையின் பசுங்கணிகத்துக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து, இரவில் அதையே சர்க்கரையாக்கிச் செடிக்கு ஊட்டும் நொதிகள். விதையும் கிழங்கும் மாவுச்சத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும். இலைக்கு அது ஒரு நாள் கணக்கு. ஒளியில் இலையில் மாவுச்சத்து உருவாவதை 1860களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் அயோடின் கொண்டு காட்டினார். பள்ளி ஆய்வகத்தில் தொட்டிச் செடியை முதலில் இருட்டில் வைப்பதும் இதற்காகத்தான்: பழைய இருப்பு தீர்ந்தால்தான் புதியது தெரியும்.

சேர்ப்பதில் தலைமை நொதி ஏடிபி-குளுக்கோஸ் பைரோபாஸ்பாரிலேஸ். குளுக்கோஸ்-1-பாஸ்பேட்டை ஏடிபியுடன் வினைபுரியச் செய்து, மாவுச்சத்துக்கு மூலப்பொருளான ஏடிபி-குளுக்கோஸை இது ஆக்குகிறது. (இத்தகைய சர்க்கரை நியூக்ளியோடைடுகளைக் கண்டறிந்த அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலோயர் 1970இல் வேதியியல் நோபல் பெற்றார்.) பிறகு ஸ்டார்ச் சிந்தேஸ் சங்கிலியை நீட்டும், கிளையாக்கும் நொதி அதைக் கிளைக்கச் செய்யும்.

தலைமை நொதியைப் பாஸ்பேட் தடுக்கும். ஒளிச்சேர்க்கையின் முதல் விளைபொருளான பாஸ்போகிளிசரேட் தூண்டும். பசுங்கணிகத்துக்கு வெளியே சுக்ரோஸ் ஆகும்போது விடுபடும் பாஸ்பேட் உள்ளே திரும்புகிறது; அதற்கு ஈடாக மூன்று கார்பன் சர்க்கரைப் பாஸ்பேட் வெளியேறுகிறது. சுக்ரோஸ் ஆக்கம் மந்தமானால் உள்ளே பாஸ்பேட் குறையும், தடை தளரும், மிஞ்சிய கார்பன் மாவுச்சத்தாகும். பாஸ்பேட் என்ற இவ்வளவு எளிய பொருளை வைத்தே இலை வரவையும் செலவையும் சரிக்கட்டுவது வியப்புக்குரியது.

இரவுப் பணி வேறு. முளைக்கும் விதையில் ஆல்பா அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பதுபோல இலையிலும் நடக்கும் என்று எண்ணத் தோன்றும், அது சரியன்று. ஆய்வுகளில் பெரிதும் பயன்படும், கடுகுக் குடும்பச் செடியான அராபிடாப்சிஸின் இலைக்கு அந்நொதி இன்றியமையாதது அல்ல. அங்கே குளுக்கான்-வாட்டர் டைகைனேஸ் முதலில் மாவுமணியின் மேற்பரப்பில் பாஸ்பேட்டை ஏற்றி, இறுகிய அடுக்குகளைத் தளர்த்துகிறது. இந்நொதி பழுதான செடிகளின் இலைகளில் மாவுச்சத்து கரையாமல் குவிந்துவிடும். தளர்ந்த சங்கிலிகளைப் பீட்டா அமைலேஸ் மால்டோஸாக வெட்டுகிறது. மால்டோஸ் வெளியேறி, பசுங்கணிகத்துக்கு வெளியேயுள்ள நொதிகளால் சுக்ரோஸாகி, வேர்களுக்கும் தளிர்களுக்கும் செல்கிறது.

அராபிடாப்சிஸில் இரவு முழுதும் ஏறத்தாழ ஒரே சீரில் கரையும் மாவுச்சத்து, விடியும்போது பெரும்பாலும் தீர்ந்திருக்கும். விடியல் எப்போது என்பதை உயிர்க் கடிகாரம் உணர்த்துகிறது. 12 மணி நேரப் பகலுக்குப் பழகிய செடிக்கு 8 மணி நேரத்திலேயே இருட்டைக் கொடுத்தால், அந்த முதல் இரவிலேயே அது கரைக்கும் வேகத்தைக் குறைத்து, வழக்கமான விடியல்வரை இருப்பை ஈடுகொடுக்க வைக்கிறது.