எடின்பரோ வழக்கும் விடுபட்ட பெண்ணும்

மேனாட்டில் இக்காலத்தே எடுக்கப்படும் சரித்திர நாடகங்களிலும் படங்களிலும், ஒரு பெண் மற்றொரு பெண்ணிடத்தில் கொண்ட காதலும், அதைப் பொறாத சமூகத்தாரின் தூற்றுதலும் பல தடவை கதைப்பொருளாக அமைந்து வருகின்றன. இத்தகைய கதையைப் பற்றிப் பேச்செடுத்த மாத்திரத்தில் நம்மவரிற் பலர் முகஞ்சுளித்து, "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய், நமது பெண்களுக்கு இது தெரியவே தெரியாது" என்று சொல்லி எழுந்து போய்விடுவர். அப்பெரியோர்களுக்கு ஒரு செய்தி. இதே வார்த்தையை, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் நம்மை நோக்கித் திருப்பிச் சொல்லி முடித்துவிட்டார். எங்கள் பெண்களுக்கு இது தெரியாது, இஃது இந்தியாவிலிருந்து வந்தது என்பது அவருடைய வாதம். அந்த விவகாரத்தைச் சற்று விரிவாக எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

லில்லியன் ஹெல்மன் என்னும் அமெரிக்க மாது எழுதிய "சில்ட்ரன்ஸ் ஹவர்" என்ற நாடகத்தை நம்மில் ஆங்கிலப் பாடசாலையில் வாசித்தோர் சிலர் அறிந்திருக்கக்கூடும். 1934-ம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க்கில் மேடையேறி, 691 தடவை நடிக்கப்பெற்றது அது. இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் நடத்துகின்றனர். தண்டனைக்குள்ளான மாணவி ஒருத்தி, அவ்விருவரும் தகாத உறவுடையோர் என்று தன் பாட்டியிடம் சொல்லி விடுகிறாள். பாட்டி செல்வமும் செல்வாக்கும் உடையவள். ஒரே மாலையில் பள்ளி காலியாகிறது. வழக்குத் தொடுத்த ஆசிரியைகள் தோற்கின்றனர். முடிவில் ஒருத்தி, தன் தோழியை உண்மையிலேயே அவ்விதம் நேசித்ததாகத் தன் வாயாலேயே சொல்லித் தன்னைச் சுட்டுக்கொண்டு மாய்கிறாள். குழந்தை சொன்னது பொய் என்று கண்டுகொண்ட பாட்டி, மன்னிப்புக் கேட்க வரும்போது காலங் கடந்துவிடுகிறது. லண்டனில் இந்நாடகத்தைப் பொதுமேடையில் நடிக்க அனுமதி கிடைக்கவில்லை. பாஸ்டன் நகரத்தார் தடை விதித்தனர்.

நாமும் பள்ளியிற் படித்த காலத்தில் இதை வாசித்து உள்ளம் நொந்ததுண்டு. ஆனால் இது நடந்த கதை என்பதையும், நடந்த கதையில் இந்தியத் தாயின் வயிற்றிற் பிறந்த பெண் ஒருத்தி உண்டென்பதையும் அன்று நமக்கு எவரும் சொல்லவில்லை.

நடந்தது ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில். மேரியான் உட்ஸ், ஜேன் பிரி என்னும் இரு தோழியர் 1809-ம் ஆண்டில், டிரம்ஷூ என்ற இடத்தில், உயர்குலத்துச் சிறுமிகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினர். இருவரும் சொந்த உழைப்பில் வாழவேண்டிய நிலையினர். கையிலிருந்த பொருளையெல்லாம் அதிலேயே போட்டனர். உட்ஸ் அம்மையின் சிற்றன்னை முறையான கிழவி ஒருத்தியும் உடன் வசித்தாள். அவளுக்குப் பள்ளியில் எவ்வளவு அதிகாரம் என்பதைப்பற்றித் தோழியர் இருவருக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று; சச்சரவும் கண்ணீரும் இருந்தன. இத்தனை வருத்தம் உண்டாவது மிக நெருங்கினவர்க்கிடையேதான் என்பதை வாசகர் அறிவர்.

அக்காலத்து விடுதிகளில் ஒரு படுக்கையில் இருவர் உறங்குவது வழக்கம். பிரி அம்மை ஜேன் கம்மிங் என்ற மாணவியுடனும், உட்ஸ் அம்மை வேறொரு மாணவியுடனும் படுத்து வந்தனர். இந்த ஜேன் கம்மிங்தான் வழக்குக்குக் காரணமான பெண். அவளுடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர்; தாய், அவர் மணந்துகொள்ளாத இந்திய மாது. தந்தை இறந்தபின், அவரைப் பெற்ற கம்மிங் கார்டன் சீமாட்டி, பேத்தியைத் தாய்நாட்டிலிருந்து பிரித்து ஸ்காத்லாந்துக்கு வரவழைத்து வளர்த்தாள். தாயின் பெயரை நாம் எங்கும் கண்டதில்லை. குளிர் மிகுந்த தேசத்தில், நிறத்தாலும் பிறப்பாலும் எல்லோருக்கும் வேறாய், பாட்டியின் தயவை ஒன்றே ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த பெண் அவள். பள்ளியின் கண்டிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை.

1810-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவள் பாட்டியிடம், ஆசிரியையரில் ஒருத்தி இரவில் மற்றவளின் படுக்கைக்கு வருவதாகவும், தான் அருகிற் கிடந்தே பலவும் அறிந்ததாகவும் சொன்னாள். சீமாட்டி ஆசிரியையரை ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை. தன் பேத்திகளை அழைத்துக்கொண்டு, மற்றப் பெற்றோருக்கும் எச்சரிக்கை அனுப்பினாள். இரண்டொரு நாளில் பள்ளி வெறுவீடாயிற்று. காரணம் என்னவென்றுகூட முதலில் அவ்விருவருக்கும் சொல்லப்படவில்லை.

வழக்கம்போல் ஊரைவிட்டு ஓடி ஒளியாமல், அவ்விரு பெண்களும் சீமாட்டியின்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். இதை நாம் மிகவும் மெச்சுகிறோம். 10,000 பவுன் நஷ்டஈடு கேட்டனர். ஏழு நீதிபதிகள் கதவை அடைத்துக்கொண்டு விசாரித்தனர். வழக்கின் காகிதங்கள் வெளியே போகாதபடி காவல் செய்யப்பட்டன. 1811-ம் ஆண்டில் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் சீமாட்டி வென்றாள். மறு விசாரணையில், 1812-ம் ஆண்டில், அதே நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் ஆசிரியைகள் வென்றனர். சீமாட்டி பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு செய்து, 1819-ம் ஆண்டில் அதிலும் தோற்றாள். ஒன்பது ஆண்டுகள்! பள்ளி போயிற்று, பிழைப்புப் போயிற்று, கேட்ட தொகையும் கைக்கு வரவில்லை. தோழமையும் அந்த வழக்கோடு சிதைந்தது.

ஆசிரியைகள் வென்றார்களென்றால் எதனால் வென்றார்கள் என்பதையே நாம் கூர்ந்து நோக்கவேண்டும். அவர்கள் பக்கம் பேசிய நீதிபதி ஒருவர், ஒரே படுக்கையில் தோழியோடு உறங்கியதைக் குற்றமென்றால் ஸ்காத்லாந்தில் குற்றமற்ற பெண் யார் என்ற கருத்துப்படக் கேட்டார். அது நல்ல கேள்வியே. மெடோபாங்க் பிரபு என்ற மற்றொரு நீதிபதியோ இன்னும் மேலே சென்றார். இவ்விதக் குற்றம் சூனியத்தைப்போலக் கற்பனையானது என்றும், பிரிட்டிஷ் பெண்களிடத்தில் இது நிகழவே முடியாதென்றும் வாதித்தார். அப்படியானால் பதினாறு வயது மதிக்கத்தக்க பெண்ணின் வாயில் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் அவரிடம் விடை இருந்தது. சிறுபிள்ளையாயிருந்தபோது இந்தியாவில் ஹிந்து வேலைக்காரப் பெண்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்! பிள்ளையைத் தூக்கி வளர்த்து, பால் புகட்டி, தாலாட்டுப் பாடிய ஆயாக்கள், ஆறாயிரம் மைலுக்கப்பால் நடந்த வழக்கில், தாங்கள் அறியாமலே குற்றவாளிகளானார்கள்.

தோட்டத்து ஆபீசில் கிராணியாகப் பிழைக்கும் நமக்கு இது புதிய செய்தியாகத் தோன்றவில்லை. பங்களாவில் ஒரு வெள்ளிக் கரண்டி காணாமற்போனால் முதலில் எந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்பதைப் பழைய தோட்டத்தார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பொய்யுரைத்தவள் என்று ஜேன் கம்மிங்கைக் கண்டிப்பதற்கு நாம் தயங்கவில்லை. இரண்டு பெண்களின் வாழ்வு அவள் சொல்லால் அழிந்தது. ஆயினும் அவளுடைய பொய்யை அவளுடைய கோபத்துக்கும் வயதுக்கும் உரியதாகக் கொள்ளாமல், அவள் தாயின் தேசத்துக்கு உரியதாக்கியது நியாயமன்று. மேலும் நீதிபதிகள் முன்னே இரண்டு வழிகளே இருந்தன: ஒன்று, இத்தகைய அன்பு உலகில் இல்லாத சங்கதி, அல்லது, அது பெருங்குற்றம். இருவர் ஒருவரையொருவர் நேசித்தால் அதனால் எவருக்கு என்ன கேடு என்ற மூன்றாவது கேள்வியை அந்த அறையில் எவரும் கேட்கவில்லை. 1921-ம் ஆண்டிலுங்கூட, பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் மசோதாப் பிரிவைக் காமன்ஸ் சபை நிறைவேற்றி அனுப்ப, பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. அன்பின் பேரிலுள்ள இரக்கத்தால் தள்ளினாரில்லை. ஆயிரம் மாதரில் 999 பேர் இதைக் காதாலும் கேட்டிரார். சட்டம் போட்டு நாமே ஏன் அறிவிக்க வேண்டும் என்பது அப்போதைய சான்சலர் பர்க்கன்ஹெட் பிரபுவின் எண்ணம்.

இனி நாடகத்துக்கு வருவோம். கிராணி வேலையில் நமக்கு ஒரு பழக்கம் படிந்திருக்கிறது. ஒரு பேரேட்டைப் பார்த்து மற்றொன்றில் எழுதும்போது, எழுதப்பட்ட பெயரைக் காட்டிலும் விடுபட்ட பெயரையே முதலிற் பார்ப்போம். வில்லியம் ரஃப்ஹெட் என்பார் 1930-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வழக்கைக் கண்டுதான் ஹெல்மன் தமது நாடகத்தை அமைத்தார். அமைக்கும்போது இடத்தை அமெரிக்காவுக்கும், காலத்தைத் தம் காலத்துக்கும் மாற்றினார். ஜேன் கம்மிங்கை வெள்ளைக்காரப் பணக்காரச் சிறுமியாக்கினார். வழக்கில் வென்ற ஆசிரியைகள் நாடகத்தில் தோற்றனர். 1936-ம் ஆண்டில் வில்லியம் வைலர் இதைப் படமாக்கியபோது, தணிக்கைக்கு அஞ்சிப் பெண்களின் காதலும் போயிற்று. ஓர் ஆணுக்காக இரு பெண்கள் என்ற பழைய கதையாயிற்று. 1961-ம் ஆண்டில் அவரே ஆட்ரி ஹெப்பர்னையும் ஷிர்லி மக்லேனையும் கொண்டு மறுபடி எடுத்தபோது காதல் திரும்பி வந்தது. காதலித்தவள் இம்முறை தூக்கிட்டுக்கொண்டாள். இந்தியத் தாயின் மகள் மட்டும் திரும்பவில்லை.

நிற்க. பிரிட்டிஷ் பெண்களிடத்தில் இது நிகழாது என்று மெடோபாங்க் பிரபு சாதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எடின்பரோவுக்குத் தெற்கே யார்க்ஷயரில், ஆன் லிஸ்டர் என்ற பெண் அதற்கு நேர்மாறான சாட்சியத்தைத் தன் நாட்குறிப்பில் இரகசிய எழுத்தில் எழுதிவந்தாள். "ஜென்டில்மன் ஜாக்" என்ற தொலைக்காட்சி நாடகம் 2019-ம் ஆண்டில் வந்தபின் அவள் பெயர் உலகறிந்தது. அந்நாடகத்தின் கதை 1832-ம் ஆண்டில் தொடங்குகிறது. ஆன் லிஸ்டரின் முதற் காதலோ அதற்கு வெகு முன்னர், 1805-ம் ஆண்டு வாக்கில், யார்க் நகரத்துப் பள்ளியொன்றின் மேன்மாடத்து அறையில் பிறந்தது. அவ்வறையில் அவளோடு இருந்தவள் எலைசா ரெய்ன். எலைசா பிறந்த ஊர் சென்னப்பட்டணம்! தந்தை கம்பெனியின் வைத்தியர். தாய் இந்திய மாது. தந்தை இறக்கவே, அவருடைய நண்பரொருவரின் பாதுகாப்பில் யார்க்கில் வளர்ந்தாள்.

கிரேக்க எழுத்துக்களும் கணிதக் குறிகளும் கலந்த அந்த இரகசிய எழுத்து, இவ்விரு சிறுமிகளின் கடிதப் போக்குவரத்திற் பயின்றது. பிற்காலத்தில் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் சொற்களுக்கு வளர்ந்த நாட்குறிப்பில் ஆறிலொரு பங்கு அவ்வெழுத்திலேயே உள்ளது. எலைசா, தனக்குரிய பிதிரார்ஜிதம் கைக்கு வந்தவுடன் ஆன் லிஸ்டரோடு ஒரே வீட்டில் வாழ்வதென்று நம்பியிருந்தாள். ஆன் லிஸ்டரின் மனமோ வேறு பெண்களை நாடிச் சென்றது. இக்காலத்தார் அவளை வீராங்கனையாகப் போற்றுவதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் எலைசாவின் விஷயத்தில் அவள் நடந்துகொண்ட விதத்தை நாம் போற்றமாட்டோம். 1814-ம் ஆண்டில் எலைசா சித்தம் பேதலித்தவளென்று வைத்தியர் பெல்கோம்பின் பராமரிப்பில் விடப்பட்டாள். அந்த வைத்தியரின் மகள் மேரியானாவும் ஆன் லிஸ்டரின் காதலியே.

1890-களில் லிஸ்டர் குடும்பத்தாரான ஜான் லிஸ்டர், நண்பர் ஒருவரின் துணையோடு இரகசிய எழுத்தைப் படித்துவிட்டார். எரித்துவிடும்படி நண்பர் சொன்னார். ஜான் லிஸ்டர் எரிக்க மனமில்லாமல் ஷிப்டன் மாளிகையின் சுவர்ப்பலகைக்குப் பின்னே மறைத்து வைத்தார். 1988-ம் ஆண்டில்தான் அதன் அந்தரங்கப் பகுதிகள் நூலாக வெளிவந்தன.

எலைசா ரெய்ன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அவ்விதப் பராமரிப்பிலேயே கழித்து 1860-ம் ஆண்டில் இறந்தாள். ஆன் லிஸ்டர் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, பிரயாணத்தில், ஜார்ஜியா தேசத்தில் இறந்துபோயிருந்தாள். சென்னப்பட்டணத்துப் பெண்ணின் கல்லறை யார்க்கை அடுத்த ஆஸ்பால்ட்விக் கிராமத்து மாதாகோவில் முற்றத்தில் இருக்கிறது.