பலவீனத்துக்கு இடம் குறித்தல்: அழுத்தக் குழாய்களில் வேற்றின எஃகு இணைப்பும் பற்றவைப்பு நடைமுறைத் தேர்வும்

மின் நிலைய நீராவிக் குழாயிலோ வேதியாலைக் குழாய்த் தொடரிலோ இருவகை எஃகு சந்திக்கும் இடத்தில் பற்றவைப்பு நடைமுறையைத் தேர்வது பெரும்பாலும் அட்டவணை பார்க்கும் வேலையாகவே நடக்கிறது. ஏ.எஸ்.எம்.இ. குறியீட்டின் ஒன்பதாம் பிரிவு எஃகுகளை பி-எண்களாகப் பகுத்திருக்கிறது: கார்பன் எஃகு 1, இரண்டேகால் விழுக்காடு குரோமியமுள்ள பி22 வகை 5ஏ, ஒன்பது விழுக்காடுள்ள பி91 வகை 15இ, 304 போன்ற துருப்பிடிக்கா எஃகு 8. இரு பக்கத்து எண்களையும் பார்த்து, அதற்குரிய கம்பியை எடுத்து, ஒரு சோதனைத் துண்டைப் பற்றவைத்து இழுத்தும் வளைத்தும் தேறிவிட்டால் நடைமுறை தகுதி பெற்றுவிடுகிறது. இழுவைத் துண்டு வலுக்குறைந்த தாய் உலோகத்தில் அறுந்தால் பட்டறையில் அனைவருக்கும் நிம்மதி. ஆனால் அது அறை வெப்பநிலையில் சில நிமிடங்களில் அறுந்த துண்டு. 540 பாகை செல்சியஸில் ஆண்டுக்கணக்கில் ஓடி, பலமுறை குளிர்ந்து சூடான குழாய் எங்கே பிளக்கும் என்பதை அது சொல்லாது. வேற்றின இணைப்பில் பலவீனத்தை ஒழிக்க வழியில்லை. அது எங்கே குடியிருக்கும் என்பதைத்தான் நாம் தீர்மானிக்கிறோம், நடைமுறைத் தேர்வு என்பதே அந்தத் தீர்மானம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எளிய வகையிலிருந்து தொடங்கலாம். கார்பன் எஃகையும் 304-ஐயும் இணைக்க 309எல் கம்பி வழக்கம். அதில் குரோமியம் ஏறத்தாழ 24, நிக்கல் 13 விழுக்காடு. உருகிய குட்டையில் இரு பக்கத் தாய் உலோகமும் தலா 15 விழுக்காடு கலந்தால், உறைந்த உலோகத்தில் குரோமியம் 19.5, நிக்கல் 10.3 இருக்கும், சிறிதளவு ஃபெரைட் கொண்ட, வெப்ப விரிசலைத் தாங்கும் ஆஸ்டெனைட் கிடைக்கும். 304-க்குப் பொருத்தமான 308எல் கம்பியையே போட்டால் அவை 16.7, 8.2 என இறங்கி, ஷெஃப்ளர் வரைபடத்தில் மார்டென்சைட் எல்லையை நெருங்கிவிடும். இந்தக் கணக்கு கம்பியின் குணத்தை மட்டும் சொல்லவில்லை. பற்றவைப்பவர் சுடரைக் கார்பன் எஃகுப் பக்கம் சற்றுக் கூடுதலாக நிறுத்தினாலே 15 என்பது 25 ஆகிவிடும். ஆகவே மின்னோட்டமும் கம்பி பிடிக்கும் கோணமும் கைத்திறன் விவரங்கள் என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. உலோகத்தின் வேதியியலை நிர்ணயிப்பவை அவையே. மிதமான வெப்பத்தில் ஓடும் குழாய்க்கு இவ்வளவு போதும். எண்ணெய்ச் சுத்திகரிப்புத் துறையின் ஏ.பி.ஐ. 582 பரிந்துரை 309 வகைக்கு வைக்கும் 315 பாகை வரம்பைத் தாண்டும்போதுதான் பிரச்சினை வேறு உருவம் கொள்கிறது.

பி22-ஐயும் பி91-ஐயும் இணைப்பதைப் பாருங்கள். இரண்டிலும் கார்பன் ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான். ஆயினும் கார்பன் இடம் பெயர்கிறது, ஏனெனில் அது குரோமியம் மிகுந்த பக்கத்தை நாடுகிறது. 730 பாகையைத் தாண்டும் வெப்பப் பதனத்திலேயே இந்தப் பெயர்ச்சி தொடங்கிவிடும். எல்லைக்கோட்டின் ஒருபுறம் கார்பன் இழந்த மென்பட்டை, மறுபுறம் கார்பைடு குவிந்த வன்பட்டை. ஒன்பது குரோமியக் கம்பியைப் போட்டால் மென்பட்டை பி22-இன் வெப்பப் பாதிப்பு மண்டலத்தில் விழும். அந்த இடமோ, பி91-க்காகக் கொடுத்த அதிக வெப்பத்தில் ஏற்கெனவே இளகிப்போனது. இரண்டேகால் குரோமியக் கம்பியைப் போட்டால் அதே மென்பட்டை பற்றுலோகத்துக்குள், பி91-ஐ ஒட்டி அமையும். இரண்டு பலவீனங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரிந்து நிற்கும். அதனால் பின்னதே மேல் என்பது என் கணிப்பு. பற்றுலோகம் பி91-ஐவிட வலுக்குறைந்தது என்ற மறுப்பு எழும். பி22 பக்கத்தின் வலுவை நம்பித்தான் இணைப்பே நிற்கிறது என்பதால் அது தானாகக் குறையாகாது. ஆனால் பி91 குழாய் மெல்லியதாக இருந்து, அந்த மெல்லிய விளிம்பிலேயே பற்றவைத்தால் மறுப்பு முழுக்க நியாயமாகிவிடும். இணைப்பின் தடிமன் வலுக்குறைந்த உலோகத்தின் கணக்குப்படி இருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் நிக்கல் கம்பியையே போட்டுவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. நிக்கல் கார்பன் பெயர்ச்சியைத் தடுக்கிறது. வெப்ப விரிவிலும் அது நடுவில் நிற்கிறது: 500 பாகை வரை, ஒவ்வொரு பாகைக்கும், ஃபெரைட் எஃகுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 12 முதல் 14 பங்கு, ஆஸ்டெனைட் எஃகுக்குச் சுமார் 18, நிக்கல் பற்றுலோகத்துக்குச் சுமார் 15. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலனுக்காக ஆராய்ந்த மூவுலோக இணைப்பு இந்தப் படிக்கட்டையே பயன்படுத்துகிறது. 316எல்என் குழாய்க்கும் ஒன்பது குரோமிய எஃகுக்கும் இடையே அலாய் 800 துண்டு ஒன்று நுழைகிறது. ஆயினும் நிக்கலும் பலவீனத்தை இடம் மாற்றவே செய்கிறது. 2000 அக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலைனாவில் வி.சி. சம்மர் அணுமின் நிலையத்தில், உலைக்கல வாயிலைத் துருப்பிடிக்கா எஃகுக் குழாயோடு இணைத்த 82/182 வகை நிக்கல் பற்றுலோகமே தடிமன் முழுக்க விரிசல் விட்டிருந்தது. வெளியே படிந்த போரிக் அமிலம் அதைக் காட்டிக்கொடுத்தது. கட்டுமானக் காலத்தில் செய்த திருத்தப் பற்றவைப்புகள் விட்டுச்சென்ற இழுவிசையும் சூடான நீரும் சேர்ந்து செய்த வேலை அது. பிற்காலத்தில் 30 விழுக்காடு குரோமியமுள்ள 52 வகைக்கு அணுத்துறை நகர்ந்ததற்கு இத்தகைய விரிசல்களே காரணம். உலர்ந்த நீராவிக் குழாயில் நற்பெயர் எடுத்த அதே கம்பி, அணு உலை நீரில் வேறு குணம் காட்டியது. கம்பியின் தகுதி அது தொடும் பாய்மத்தையும் பொறுத்தது.

குறியீடு அனுமதித்ததைச் செய்தால் போதாதா என்று கேட்போருக்கு, குழாய்க் குறியீடு தன்னை வடிவமைப்புக் கைநூல் அல்ல என்றே அறிவித்திருப்பதை நினைவூட்டலாம். இதெல்லாம் களத்தில் நடவாது என்ற மறுப்பு அதைவிடக் கனமானது. பி22-ஐ 304 வகையோடு இணைக்கும்போது முழு இணைப்பையும் பதனம் செய்தால் துருப்பிடிக்கா பக்கம் அரிப்புக்கு எளிதில் இலக்காகும். செய்யாவிட்டால் பி22 பக்கம் கடினமாகவே நிற்கும். பட்டறையிலேயே பி22 விளிம்பில் நிக்கல் அடுக்கு ஏற்றி, பதனம் செய்து, களத்தில் அடுக்கையும் 304-ஐயும் பதனமின்றி இணைப்பது இதற்கு நல்ல விடை. ஆனால் அந்த விடையின் உயிர் அடுக்கின் தடிமனில் இருக்கிறது. களத்தில் இரு வாய்களும் ஒத்துவராமல் சாணை பிடிக்கையில் தேய்வது அந்த அடுக்குதான். ஒன்பதாம் பிரிவே 5 மில்லிமீட்டரை எல்லையாக வைத்திருக்கிறது. மீதம் அதற்குக் கீழே போனால் புதிய பற்றவைப்பின் வெப்பம் பி22 வரை எட்டி, பதனம் காணாத கடின மண்டலமொன்றை உருவாக்கிவிடக்கூடும். எக்ஸ்ரே படத்தில் அது தெரியாது. சாணை பிடித்தபின் எஞ்சிய தடிமனை அளந்து எழுத ஒரு கட்டம் நடைமுறைத் தாளில் இருக்க வேண்டும், அது நிரம்பாமல் முதல் சுற்றுப் பற்றவைப்பை அனுமதிக்கக் கூடாது.