முட்டைக் கோடும் நீள்வட்டமும்

குடத்தின் வாய் வட்டமானது என்பதைக் கை அறியும். ஆயினும், நேர் மேலே நின்று நோக்கினாலன்றிக் கண் அதனை வட்டமாகக் காண்பதில்லை. சாய்வாக நோக்குங்கால் அது நீள்வட்டமாகச் சுருங்குகிறது. கண்மட்டத்திற்கு உயர்த்தினால் வெறுங்கோடாகிவிடுகிறது. அறிந்ததை விடுத்துக் கண்டதை வரைவது எளிதன்று. ஐரோப்பிய ஓவியர் இதனைக் கற்ற வரலாறு, ஒரு பெரும் பிழையின் வரலாறுமாகும்.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொலைவிலுள்ளவை சிறுத்துத் தோன்றும் ஒழுங்கை அளந்து வரையும் முறையைப் பிளாரன்சு நகரக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி செய்து காட்டினார். 'பெர்ஸ்பெக்டிவ்' எனப்படும் அம்முறைக்கு, 1435இல் ஓவியம் பற்றிய தம் நூலில் இலக்கணம் வகுத்தவர் ஆல்பெர்ட்டி. சதுரக் கற்கள் பாவிய தளத்தை வரைய நேர்கோடுகள் போதும். வட்டத்திற்கு யாது வழி? வட்டத்தை ஒரு சதுரத்துள் அடைத்து, உள்ளே கோடுகளிட்டு, அவற்றை வட்டம் வெட்டும் இடங்களைக் குறிக்க வேண்டும்; பின்னர் அச்சதுரத்தைத் தொலைவுத் தோற்றத்தில் வரைந்து, புள்ளிகளை அதில் பெயர்த்து இணைக்க வேண்டும் என்றார் அவர். எல்லாப் புள்ளிகளையும் குறிப்பது முடிவிலா உழைப்பு என்பதால், எட்டோ சற்று மிகுதியோ குறித்தபின் எஞ்சிய வளைவைத் தம் மதிப்பீட்டால் நிரப்புவதாகவும் ஒப்புக்கொண்டார். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே கணிதம் ஒதுங்கிக்கொள்ள, ஓவியன் கையை நம்ப வேண்டியதாயிற்று.

அவ்வுழைப்புக்கு அஞ்சாதவரும் இருந்தனர். பவுலோ உச்செல்லோ வரைந்ததென மரபாகக் கருதப்படும் கிண்ணத்தின் வரைபடம் ஒன்று பிளாரன்சின் உஃபிசி காட்சியகத்தில் உள்ளது. வாய், வயிறு, தண்டு, அடி என ஒவ்வொரு வளையமும் சிறுசிறு கோடுகளால் கம்பிவலைபோல் அமைந்தது அது. தம் மனைவி உறங்க அழைத்தும் இக்கலையின் இனிமையைச் சொல்லி இரவெல்லாம் விழித்திருந்தவர் உச்செல்லோ என்று 1550இல் வசாரி எழுதினார். அடுத்து வந்த பியரோ தெல்லா பிரான்செஸ்கா, ஆணி, பட்டு நூல், காகிதப் பட்டை ஆகியவற்றைக் கொண்டு தூணின் அடியையும் மனிதத் தலையையும் புள்ளி புள்ளியாகப் பெயர்த்து வரையும் முறையைத் தம் நூலில் விரித்துரைத்தார்.

இக்கலையை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுசென்றவர் நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர். பொற்கொல்லரின் மகனான அவர், ஓவியர், பொற்கொல்லர், கல்தச்சர், மரத்தச்சர் ஆகியோர் தாய்மொழியிலேயே கற்கும் பொருட்டு 1525இல் அளவையியல் நூலொன்றை வெளியிட்டார். கூம்பை வெட்டினால் தோன்றும் வளைவுகளுக்கு ஜெர்மன் மொழியில் பெயரில்லாமையால் தாமே பெயர் படைத்தார். பரவளையம் 'எரிகோடு' ஆயிற்று. அதிபரவளையம் 'கவைக்கோடு' ஆயிற்று. நீள்வட்டம் 'முட்டைக் கோடு' ஆயிற்று.

அப்பெயரில்தான் பிழை தங்கியது. டியூரர் கூம்பைச் சாய்வாக வெட்டி, வெட்டுக்கோட்டைப் பகுத்து, ஒவ்வோர் இடத்திலும் அகலத்தை அளந்தார். முறையில் குற்றமில்லை. ஆனால் அவர் வரைந்த உருவம் மேலே குறுகிக் கீழே பருத்திருந்தது. கூம்பு கீழ்நோக்கி விரிவதால் வெட்டும் கீழே அகன்றிருக்கும் என்று மனம் முன்னரே முடிவு செய்திருந்தது போலும். உண்மையில் அதன் இரு முனைகளும் ஒத்தவை. கூம்பின் நடு அச்சு நீள்வட்டத்தின் மையத்தில் புகுவதில்லை, விலகிப் புகுகிறது. இவ்விலகலே கூம்பின் விரிவை ஈடுசெய்துவிடுகிறது. இவ்வளைவின் இயல்புகளைக் கி.மு. 200 அளவிலேயே கிரேக்கரான அப்பல்லோனியஸ் ஆராய்ந்திருந்தார்.

ஓவியனின் குடத்திற்கும் இதுவே விதி. குடத்தின் விளிம்பிலிருந்து கண்ணுக்கு வரும் கதிர்கள் ஒரு கூம்பாகின்றன. படத்தளம் அதனை வெட்டுகிறது. விளிம்பின் அருகுப்பாதி பெரிதாகவும் தொலைப்பாதி சிறிதாகவும் தோன்றுவது மெய்யே. எனினும் புறக்கோடு முட்டையாவதில்லை. வட்டத்தின் மையந்தான் நீள்வட்ட மையத்திற்குச் சற்று அப்பால் விழுகிறது. முட்டை மயக்கியது டியூரரை மட்டுமன்று. செவ்வாயின் பாதையைத் தேடிய கெப்ளரும் முதலில் முட்டை வடிவத்தையே முயன்று, பின்னரே நீள்வட்டத்தை அடைந்து 1609இல் வெளியிட்டார். கூம்பு வெட்டுகள் யாவும் வட்டத்தின் தோற்றங்களே என்னும் நோக்கில் 1639இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டெசார்க் ஆராய்ந்தபோது, ஓவியரின் கேள்வியும் கணிதரின் கேள்வியும் ஒன்றாயின.

வரையப் பழகும் மாணவர் கை இன்றும் இவ்வழியிலேயே இடறுகிறது. ஓரங்கள் கூர்மையாகின்றன, வளைவு முட்டையாகிறது, கண்மட்டத்திற்கு வெகு கீழே இருப்பதால் வாயினும் மிகுதியாக விரிந்து தோன்ற வேண்டிய அடிவளைவு, தரையில் அமர்ந்திருப்பதை மனம் அறிந்த காரணத்தால் தட்டையாகிறது. தாய்மொழியில் கலைச்சொல் படைத்த டியூரரின் தொண்டு பெரிது; அவர் பிழை அதனைக் குறைப்பதன்று. ஆயினும் சொல்லாக்குவோர் கருதத்தக்க ஒன்றை அப்பிழை விட்டுச்சென்றது: பொருளை ஒருமுறை தவறாகக் கண்டு பெயரிட்டால், பின்வருவோர் கண்ணுக்கு முன் அப்பெயரே நிற்கும். தமிழில் வழங்கும் 'நீள்வட்டம்' என்னும் சொல், தன் பிறப்பிடமான வட்டத்தை மறவாமல் தன்னுள்ளேயே சுமந்து நிற்கிறது.